டோர் நாப் கழற்றச் சுத்தியல் வேண்டாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், ஜெலுத்தோங், பட்டர்வொர்த் என்று எங்கே போனாலும் பிளாட் வீடுகளின் அறைக் கதவில் பெரும்பாலும் ஒரே மாதிரி பூட்டுதான் இருக்கும். உருண்டைக் குமிழ், வெளிப்பக்கம் சாவித் துளை, உள்பக்கம் நடுவில் ஒரு பட்டன். சாவி தொலைந்தால், அறையில் இருந்தவர் காலி செய்துவிட்டுப் போனால், சாவி சுற்றாமல் அடம்பிடித்தால் இதைக் கழற்ற வேண்டி வரும். வீட்டில் டூல் பெட்டி இல்லாதவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். கதவு உங்களுடையது அல்லது உரிமையாளர் சம்மதித்தது, கதவு திறந்திருக்கிறது, நீங்கள் உள்பக்கம் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன். மூடிய கதவைப் பற்றிய கேள்விகள் பின்னால் தனியாக வருகின்றன.

திருகே வெளியில் தெரியவில்லையே, எங்கிருந்து ஆரம்பிப்பது?

உள்பக்கக் குமிழின் கழுத்திலிருந்து. குமிழுக்கும் கதவோடு ஒட்டியிருக்கும் வட்டத் தட்டுக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு கழுத்து இருக்கும். அதைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள், கைப்பேசி வெளிச்சத்தைக் கீழிருந்து அடித்துப் பாருங்கள். ஊசி நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளையோ, அரிசி மணி அளவுக்கு ஒரு நீள்வெட்டோ இருக்கும். பொருத்தியவர் அதைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தால் நின்றபடி பார்த்தால் தெரியாது, குனிய வேண்டும். கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது அடைபட்டிருந்தால் நகத்தால் சுரண்டினால் திறந்துகொள்ளும்.

அந்தத் துளைக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்த சின்னக் கொக்கி ஒன்று இருக்கிறது. குமிழைப் பிடித்து வைத்திருப்பது அது ஒன்றுதான். அதை உள்ளே அழுத்திக்கொண்டு குமிழை உங்கள் பக்கம் இழுத்தால் கையோடு வந்துவிடும். திருகுகள் எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கின்றன. வெளியில் நிற்பவர் கைக்கு எட்டக் கூடாது என்பதற்காகவே இப்படி ஒளித்து வைத்திருக்கிறார்கள். 1920-களில் சான் பிரான்சிஸ்கோவில் வால்ட்டர் ஷ்லேக் என்ற ஜெர்மன்காரர் கொண்டுவந்த உருளைப் பூட்டு வகையின் வாரிசுதான் இன்று நம் ஹார்ட்வேர் கடைகளில் பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது.

துளையில் குத்த எதை எடுப்பது?

பேப்பர் கிளிப்பை நிமிர்த்தினால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி நேரம் அது வளைந்துவிடும். அப்படி வளைந்தால் இரண்டாக மடித்து முறுக்கி, முனையை மட்டும் ஒற்றையாக விட்டுக் குத்துங்கள். அதைவிட நல்லது ஒல்லியான இரும்பு ஆணி, பழைய குடையின் கம்பி, அல்லது மேசை நாற்காலி வாங்கும்போது கூடவே வரும் அலன் கீயில் மிகச் சின்னது. சேலைக்குக் குத்தும் ஊக்கும் உதவும், ஆனால் முனை வழுக்கிக் கையில் ஏறும். சாத்தே குச்சி மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே முறிந்தால், கொக்கிக்கு முன்னால் மூங்கில் துண்டு அடைத்துக்கொண்டு நிற்கும்.

ஒரு கையால் குத்தி, மறு கையால் இழுக்க வேண்டும். இழுக்கும்போது குமிழை இடமும் வலமும் லேசாக ஆட்டுங்கள். துளை சரியாகக் கொக்கிக்கு நேரே இல்லாமல் இருக்கலாம், குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே குத்தினால் ஓர் இடத்தில் முனை ஸ்பிரிங் மேல் அமுங்குவது கைக்குத் தெரியும். அந்த அமுக்கம் தெரியாமல் வெறுமனே இழுத்துப் பயனில்லை.

துளையே இல்லையென்றால்?

வட்டத் தட்டில் நேரடியாக இரண்டு திருகு தெரிந்தால் உங்களுக்கு வேலை மிச்சம், அதைக் கழற்றினாலே போதும். கழுத்தில் ஆறுமூலைக் குழி வைத்த குட்டித் திருகு இருந்தால் அலன் கீ தேவை. கைப்பிடி நீளமாக இருக்கும் லீவர் வகையில் இது அதிகம். இரண்டும் இல்லையென்றால் வட்டத் தட்டையே மரை மூடிபோல் இடப்பக்கம் சுற்றிப் பாருங்கள், சில பூட்டுகளில் அதுதான் வழி.

குமிழ் வந்துவிட்டது, வட்டத் தட்டு அசையவில்லை.

தட்டின் விளிம்பில் எங்காவது ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். அதில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் மொட்டைக் கத்தியின் நுனியைக் கொடுத்து நெம்புங்கள். கதவுப் பலகை பள்ளமாகாமல் இருக்க, கத்திக்கு அடியில் பழைய வங்கி அட்டையோ மடித்த துணியோ வையுங்கள். நம் அறைக் கதவுகள் பெரும்பாலும் மேலே மெல்லிய பிளைவுட் ஒட்டி, உள்ளே கூடாக இருப்பவை. ஒரே இடத்தில் அழுத்தினால் பொத்தென்று உள்ளே போய்விடும். காய் நறுக்கும் கூர்க்கத்தியை இதற்கு எடுக்காதீர்கள்.

உள்ளே இரண்டு நீளத் திருகு. ஸ்க்ரூ டிரைவர் இல்லை.

நேர்மையாகச் சொன்னால், இந்த இடத்தில் பக்கத்து வீட்டில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் கேட்பதே புத்திசாலித்தனம். முடியாது என்றால், மொட்டைக் கத்தியின் நுனி கூட்டல் குறியின் ஒரு கோட்டில் உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் நன்றாக அழுத்தி, மெதுவாகத் திருப்ப வேண்டும். வேகமாகத் திருப்பினால் திருகின் தலை தேய்ந்து மழுங்கிவிடும், அதற்கு மேல் எந்த டூலும் பிடிக்காது. ஏற்கெனவே மழுங்கியிருந்தால் நாசி லெமாக் பொட்டலத்தில் வரும் ரப்பர் பேண்டைத் திருகின் தலைமேல் விரித்து வைத்து, அதன் மேல் அழுத்தித் திருப்புங்கள். ரப்பர் இடுக்கை நிரப்பிப் பிடிப்புக் கொடுக்கும்.

இரண்டு திருகையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கடைசிச் சுற்றில் ஒரு கை வெளிப்பக்கக் குமிழைப் பிடித்திருக்கட்டும், இல்லாவிட்டால் அது அந்தப் பக்கம் தரையில் விழுந்து டைல்ஸ் உடையும்.

பிறகு?

வெளிப்பக்கக் குமிழை இழுத்தால் பூட்டின் நடு உடம்போடு சேர்ந்து வரும். கதவின் ஓரத்தில் பூட்டின் நாக்கு இருக்கும் தகட்டில் இரண்டு மரத் திருகுகள். கழற்றிவிட்டு நாக்கைப் பக்கவாட்டில் உருவினால் கதவில் ஓட்டை மட்டும்தான் மிச்சம். முழுப் பூட்டையும் மாற்றுபவருக்கு வேலை இங்கேயே முடிந்தது.

எனக்குச் சிலிண்டர் மட்டும்தான் வேண்டும். அதை எப்படிப் பிரிப்பது?

சிலிண்டர் என்பது வெளிப்பக்கக் குமிழுக்குள் இருக்கும் பித்தளை உருளை, சாவி நுழைவது அதில்தான். முதலில் ஒரு நிபந்தனை: வேலை செய்யும் சாவி கையில் இருக்க வேண்டும்.

கழற்றிய பாகத்தை மேசைமேல் ஒரு துண்டை விரித்து வையுங்கள். வெளிக் குமிழின் கழுத்திலும் உள்பக்கத்தில் பார்த்த மாதிரியே ஒரு துளை இருக்கும். ஆனால் அங்கே வெறுமனே குத்தினால் கொக்கி அசையாது, சாவி போட்டுத் திருப்பினால்தான் வழிவிடும். சாவியை மெதுவாகத் திருப்பிக்கொண்டே துளையில் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் கால் சுற்றுக்குள் ஓர் இடத்தில் கொக்கி பொசுக்கென்று உள்ளே போகும். சாவியை அதே நிலையில் பிடித்தபடி குமிழை இழுங்கள். மூன்றாவது கை இருந்தால் நன்றாக இருக்கும், வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள்.

குமிழ் தனியாக வந்ததும் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். சிலிண்டரின் முதுகிலிருந்து தட்டையான ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பும்போது பூட்டுக்குச் சேதி சொல்வது அந்த வால்தான், அது எந்தப் பக்கம் படுத்திருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் சாவியை உருவிவிட்டு, குமிழின் முகப்பில் சிலிண்டர் தெரியும் இடத்தை மரக் கரண்டியின் காம்பால் பின்பக்கமாகத் தள்ளுங்கள். நல்ல தரமான பூட்டில் உருளை வழுக்கி வெளியே வரும். மலிவான பூட்டில் முகப்புத் தகட்டை மடித்து, சிலிண்டரை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருப்பார்கள். தள்ளி வரவில்லையென்றால் அது அந்த ஜாதி. சுத்தியலால் தட்டினால் குமிழ் நசுங்குமே தவிர சிலிண்டர் வராது.

சிலிண்டரையும் பிரித்துப் பார்க்கலாமா?

பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். வாலைப் பிடித்திருக்கும் சின்ன வளையத்தை எடுத்தால் உள்உருளை முன்பக்கமாக உருவிக்கொண்டு வரும். அதோடு அறைப் பூட்டில் வழக்கமாக ஐந்து ஜோடி ஊசிகளும், அவற்றைத் தள்ளும் ஸ்பிரிங்குகளும் தெறிக்கும். அந்த ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றும் எறும்பின் நீளம்தான். சோபாவுக்கு அடியில் போனால் திரும்பக் கிடைக்காது. கீழ் ஊசிகள் ஒவ்வொன்றும் ஒரு நீளம், சாவியின் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்று. வரிசை மாறினால் அந்தச் சாவி அதன் பிறகு திறக்காது. லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1860-களில் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது, இன்றும் அடிப்படை அதேதான்.

சாவியே இல்லை. சிலிண்டரை எடுக்க வழி உண்டா?

கதவு திறந்திருந்தால் சிலிண்டரை மறந்துவிட்டு முழு செட்டையும் மாற்றுங்கள். மேலே சொன்ன உள்பக்க வழிக்குச் சாவி தேவையே இல்லை. அறைப் பூட்டுகளுக்குச் சிலிண்டர் மட்டும் தனியாகக் கடையில் தேடி அலைவது வீண்வேலை. முழு செட்டே, குடும்பத்தோடு ஒரு வேளை வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் காசுக்குள் முடிந்துவிடும். என் கருத்தில், பூட்டின் பெயர் பொறித்த உயர்ந்த ரகமாகவோ, ஒரே சாவியில் பல கதவு திறக்கும்படி அமைத்ததாகவோ இருந்தால் மட்டும் சிலிண்டரோடு மல்லுக்கட்டலாம்.

சாவி உள்ளே முறிந்துவிட்டது.

முறிந்த துண்டு கொஞ்சம் வெளியே நீட்டினால் புருவம் எடுக்கும் இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். உள்ளே போய்விட்டால், முதலில் சாவித் துளை, சாவி நுழையும்போதும் வரும்போதும் இருக்கும் அதே நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி திரும்பிய நிலையில் முறிந்திருந்தால் ஊசிகள் துண்டை விடாது. தட்டை நுனி எதையாவது கொடுத்துத் துளையை நேராக்க வேண்டும். அதன் பிறகு மெல்லிய வாள் பிளேடின் ஒரு துண்டை, பல் உங்களை நோக்கி இருக்கும்படி, சாவியின் வெட்டுப் பக்கமாக நுழைத்து இழுத்தால் துண்டு பிளேடின் பல்லில் மாட்டி வரும். சூப்பர் குளூ தடவி ஒட்டி இழுப்பது என்ற யோசனையைக் காதிலேயே வாங்காதீர்கள், துண்டோடு சேர்த்து ஊசிகளும் ஒட்டிக்கொள்ளும்.

பிள்ளை குளியலறைக்குள் பட்டனை அழுத்திப் பூட்டிக்கொண்டது. என்ன செய்வது?

முதலில் வெளிக் குமிழின் நடுவைப் பாருங்கள். குளியலறைப் பூட்டில் சாவித் துளைக்குப் பதிலாக ஒரு கோடோ, சின்ன ஓட்டையோ இருக்கும். இந்த நேரத்துக்காகவே வைத்தது அது. கோடு என்றால் பத்து சென் காசின் விளிம்பையோ கத்தி நுனியையோ கொடுத்துத் திருப்புங்கள். ஓட்டை என்றால் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக உள்ளே அழுத்துங்கள், பட்டன் விடுபடும்.

சாவி போடும் அறைப் பூட்டு என்றால், மேலே சொன்ன கழற்றும் துளை பிள்ளை இருக்கும் பக்கம்தான் இருக்கிறது. பேசிப் புரியும் வயதாக இருந்தால் உள்குமிழைத் திருப்பச் சொல்லுங்கள், பல பூட்டுகளில் திருப்பினாலே பட்டன் விடுபட்டுவிடும். கைக்குழந்தை, உள்ளே அடுப்பு எரிகிறது, தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறது என்றால் யோசிக்காமல் 999-ஐ அழையுங்கள், பொம்பா (தீயணைப்புப் படை) வரும். பக்கத்து ஜன்னல் வழியாக ஏறிப் போகிறேன் என்று மாடியில் வித்தை காட்ட வேண்டாம்.

எங்கள் கொண்டோ முன் கதவில் குமிழ் இல்லை, நீளக் கைப்பிடியும் கீழே சாவித் துளையும் இருக்கிறது. இதே முறையா?

இல்லை. அது கதவின் வயிற்றுக்குள் பெட்டியாக உட்காரும் பூட்டு. அதில் சிலிண்டரை எடுப்பது குமிழ்ப் பூட்டைவிட எளிது. கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள், சிலிண்டருக்கு நேரே நீளமான ஒற்றைத் திருகு இருக்கும். அதை முழுதாகக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு மிகச் சிறிதளவு, கடிகார முள் இரண்டு மூன்று நிமிடம் நகரும் தூரம், திருப்பிக்கொண்டே இழுங்கள். சிலிண்டரின் நடுவில் இருக்கும் பல் உடம்புக்குள் மறையும் கோணத்தில் அது நேராக வெளியே வரும். புதிது வாங்கும்போது பழையதையே கையில் கொண்டு போங்கள். திருகுத் துளையின் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் உள்ள நீளம் ஒத்துப்போக வேண்டும். நீளம் கூடி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் திருடனுக்குப் பிடிமானம் கொடுத்த மாதிரி.

முன் கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால் புதிதாக ஓட்டை எதுவும் போடாதீர்கள், மேனேஜ்மென்டைக் கேளுங்கள். இன்னொன்று, முன் கதவுக்கு வெறும் குமிழ்ப் பூட்டை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கிரில் இருப்பது சும்மா இல்லை.

புதிய செட் வாங்கும்போது என்ன அளவு பார்க்க வேண்டும்?

கதவின் ஓரத்திலிருந்து பெரிய ஓட்டையின் நடு வரைக்கும் அளந்துகொள்ளுங்கள். 60 மில்லிமீட்டராகவோ 70 மில்லிமீட்டராகவோ இருக்கும். இரண்டுக்கும் இழுத்து மாற்றக்கூடிய நாக்கும் கடையில் கிடைக்கிறது. பெரிய ஓட்டையின் விட்டம் 54 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், கதவின் கனத்தையும் பாருங்கள். அளவு நாடா இல்லையென்றால் பழைய நாக்கையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம். கடையில் 'தொம்போல் பிந்து' (மலாயில் கதவுக் குமிழ்) என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். அறைக்கு என்றால் சாவி வைத்தது, குளியலறைக்கு என்றால் சாவி இல்லாதது என்று சொல்லிக் கேளுங்கள், உறையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எல்லாத் திருகும் உறைக்குள் இருக்கிறதா என்று அங்கேயே எண்ணிவிடுங்கள்.

மாட்டும்போது எங்கே தவறு நடக்கிறது?

நாக்கின் சாய்ந்த பக்கம், கதவு மூடும்போது நிலையில் மோதும் பக்கம் இருக்க வேண்டும். மாறினால் கதவு சாத்தாது. நாக்கின் வால் நடு உடம்பின் தாடைக்குள் கொளுவியிருக்க வேண்டும், கொளுவாமல் திருகை முடுக்கினால் குமிழ் சுற்றும், நாக்கு அசையாது. சாவித் துளை, சாவியின் பல் மேலே பார்க்கும்படி இருக்கட்டும். இரண்டு திருகையும் சமமாக முடுக்குங்கள், அதிகம் இறுக்கினால் குமிழ் திருப்பிவிட்டுத் தானாகத் திரும்பி வராது.

எல்லாவற்றையும்விட முக்கியம்: கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சோதியுங்கள். பட்டனை அழுத்தி, வெளியிலிருந்து சாவியால் நாலைந்து முறை திறந்து பார்த்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். புதுச் சாவி மூன்றும் உறையோடு அறைக்குள் கிடக்க, கதவைச் சாத்திவிட்டு நிற்பவர்கள் நிறைய.

பினாங்கில் கடலோரம் இருக்கிறோம். வெளியே பளபளப்பாக இருக்கிறது, உள்ளே சிக்குகிறது.

குமிழ் ஸ்டெயின்லெஸ், அதனால் பளபளப்பு. உள்ளே இருக்கும் உடம்பும் ஸ்பிரிங்கும் சாதா இரும்பாக இருந்தால் தஞ்சோங் தோக்கோங், பத்து ஃபெரிங்கி உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காமல் இருக்காது. கழற்றிப் பார்த்தால் செம்பொடி கொட்டும். டபிள்யூடி-40 அடித்தால் சிக்கு விடும், ஆனால் அது சீக்கிரம் காய்ந்துவிடும். சாவித் துளைக்குள் கிராஃபைட் பொடிதான் நல்லது. அவசரத்துக்குச் சாவியின் பல்லில் பென்சிலை நன்றாகத் தேய்த்து உள்ளே விட்டு எடுங்கள். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் இரண்டும் வேண்டாம். தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

மழைக்காலத்தில் மட்டும் கதவு சிக்கினால் பூட்டின்மேல் பழி போடாதீர்கள். மரக் கதவு ஈரத்தில் உப்பி, நாக்கு நிலைத் தகட்டின் ஓட்டைக்கு நேரே வராமல் போயிருக்கும். தகட்டைச் சற்றே நகர்த்தினால் சரி.

வாடகை வீடு. பூட்டை மாற்றலாமா?

உரிமையாளருக்கு முதலில் வாட்ஸாப்பில் எழுதிச் சம்மதம் வாங்குங்கள், மாற்றியதும் ஒரு சாவி கொடுங்கள். பழைய பூட்டைப் பத்திரப்படுத்துங்கள், காலி செய்யும்போது திரும்ப மாட்டினால் டெபாசிட்டில் கை வைக்கக் காரணம் இருக்காது. வாடகை பாக்கி என்று உரிமையாளர் தன் இஷ்டத்துக்குப் பூட்டை மாற்றி உங்களை வெளியே நிறுத்தவும் முடியாது. 1950-ஆம் ஆண்டின் அக்தா ரெலிஃப் ஸ்பெசிஃபிக் (Specific Relief Act) சட்டத்தின் 7(2) பிரிவின்படி, குடியிருப்பவரிடமிருந்து வீட்டைத் திரும்பப் பெற நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

எப்போது துக்காங் குன்ச்சியை (பூட்டுக்காரரை) கூப்பிடுவது?

கதவு மூடியிருக்கிறது, சாவி இல்லை, உள்ளே யாரும் இல்லை என்றால் அவரைத்தான். வீடு உங்களுடையதுதானா என்று அவர் கேட்டால் கோபப்படாமல் அடையாள அட்டையையும் வாடகை ஒப்பந்தத்தையும் காட்டுங்கள். கேட்காமல் திறப்பவரைவிடக் கேட்டுவிட்டுத் திறப்பவர் மேல். வருவதற்கு முன்பே போனில் கூலியைப் பேசிவிடுங்கள், துளை போட்டுத் திறந்தால் புதுப் பூட்டுக்குத் தனிக் காசா என்பதையும் சேர்த்து.

கழற்றிய பழைய பூட்டை என்ன செய்வது?

இரண்டு நீளத் திருகையும், நாக்கையும், நிலைத் தகட்டையும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த அறையில் திருகு மழுங்கும்போது கை கொடுக்கும். மற்றதை 'சூராட் காபார் லாமா' (பழைய பேப்பர்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லாரிக்காரர் வாங்கிக்கொள்வார்.